நிற்கிற படமல்ல, நடக்கிற படம்

முழங்காலில் நின்றிருந்தேன். நெற்றி நிலத்தில் முட்டுவதற்கு ஒரு சாண்தான் பாக்கி. பின்பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது. ஸ்கந்தபுரத்தில் ஒரு வீட்டு முற்றம். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சாணம் மெழுகிய நிலத்தின் ஈர வாசனை, மூக்குக்கு மிக அருகில்.

எனக்கு எதிரே ஒரு பாய். பாயில் ஒரு குழந்தை. சுற்றிவர ஊர்ச்சனம். குழந்தையைப் பார்க்க வந்த சனம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வேலிக்கு வெளியே சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்க என்ன, பூசையோ?"

"இல்லையண்ணை, படம் எடுக்கினம்."

"ஆரை? நிலத்தையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நிலையில் சிரித்தால் வாய்க்குள் மண் போகும் என்பது அன்று நான் கற்ற முதலாவது பாடம்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் நான் மீன்குழம்பு வைத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்களுக்கு உருப்படியாக எதுவுமே செய்யத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் நான் படம் பிடித்த கதை. படித்து முடித்த பிறகும் அவருடைய கேள்வி அப்படியே நிற்கும் என்று நம்புகிறேன்.

எஞ்சினியர் விட்டுச்சென்ற சொத்து

அந்தக் காலத்தில் கிளிநொச்சியில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் நான் எழுதுவினைஞன். தண்ணீர் வரவில்லை என்று வரும் முறைப்பாடுகளை, வந்த ஒழுங்கில் கோப்பில் போடுவது என் வேலை. அதனால் எந்த வாய்க்காலிலாவது தண்ணீர் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கோப்பு ஒழுங்காக இருந்தது.

எங்கள் எஞ்சினியர் ஒருவர் நைஜீரியாவுக்கு வேலைக்குப் போனார். பெட்டியில் இடமில்லை. சட்டி பானைகளைக் கந்தோர் காவலாளிக்கும் கமராவை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். சட்டி பானைகள் பயன்பட்டன.

அது முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த பெட்டிக் கமரா. கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து குனிந்து, ஒரு கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவனைப் போல. கண்ணாடிக்குள் உலகம் அழகாகத் தெரியும். ஆனால் இடம் வலம் மாறித் தெரியும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் நகர்வான். அவனைத் துரத்திக்கொண்டு நான் இடப்பக்கம் திரும்புவேன். அவன் ஒரேயடியாகப் போய்விடுவான்.

பெரிய படப்பிடிப்பாளர்களுக்கு இது பழகிவிடுமாம். எனக்குப் பழகவில்லை. உருத்திரபுரத்தில் ஒரு கலியாண வீட்டில் நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் தகப்பன், "தம்பி, எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை அந்த நேரம் கொஞ்சம் நகர்ந்திருந்தார். படத்தில் அவருடைய கை மட்டும் இருந்தது. தாலி கட்டிய கை என்பதால் சட்டப்படி அது போதும் என்று சமாதானம் சொன்னேன்.

இருந்தும் அந்த வட்டாரத்தில் நான்தான் படக்காரன். தவில் வைத்திருப்பவனைப் பார்த்து யாரும் உடனே வாசிக்கச் சொல்வதில்லை. கமரா வைத்திருப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கந்தோருக்கு வந்த முறைப்பாடு

ஒரு நாள் சரஸ்வதி கந்தோருக்கு வந்தாள். என் நண்பன் யோகராசாவின் மனைவி. இடுப்பில் பிள்ளை. பெயர் சுதன்.

யோகராசாவின் தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சரஸ்வதியின் குடும்பம் ஒரு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து, உடுத்த துணியோடு வந்தது. யோகராசாவின் தோட்டத்தில் மிளகாய் பிடுங்க அவள் வந்தாள். மிளகாய் பிடுங்கிய கையால் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு துள்ளியபோது அவள் தண்ணீர் வார்த்தாள். ஊரில் மற்றக் காதல்களெல்லாம் அழுகையில் முடிந்தன. இவர்களுடையது அழுகையில் தொடங்கியபடியால் கலியாணத்தில் முடிந்தது.

தண்ணீர் முறைப்பாடு என்று நினைத்து நான் படிவத்தை எடுத்தேன்.

"தண்ணி இல்லண்ணே. ஒரு படம் எடுக்கணுங்க. புள்ளைய. நடக்குற மாதிரி."

"நடக்கத் தொடங்கிட்டானோ?"

"நடக்குறான். நெல்லு மூட்டையப் புடிச்சிக்கிட்டு நின்னான், விட்டுட்டுக் கதவு வரைக்கும் போயிட்டான்." சொல்லும்போதே பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டாள்.

ஒன்றரை வயதை நெருங்கியும் சுதன் நடக்கவில்லை என்பது ஊரறிந்த கவலை. யோகராசாவின் அக்கா வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக நேர்த்தி வைத்திருந்தார்.

"அதுக்கென்ன, எடுப்பம். ஆனா நிக்கிற மாதிரி எடுத்தால் நல்லது, தங்கச்சி. நடந்தால் படம் கலங்கிப்போம்." என் திறமை எனக்குத் தெரியும் அல்லவா.

அவள் தலையை ஆட்டினாள்.

"நிக்கிற படம் எங்கம்மா நம்பாதுங்க."

அவளுடைய தாய் தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்து, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். இப்போது கோத்தகிரிப் பக்கம். அவர்கள் போகும்போது சுதன் மடிக் குழந்தை. இறங்குதுறையில் தாய் அவனை வாங்கி, நிலத்தில் காலை ஊன்றிப் பார்த்திருக்கிறாள். கால் மடிந்திருக்கிறது. அந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் மடியும். ஆனால் அவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"'நடந்தான்னா எழுதிப் போடு'ன்னு சொல்லல. 'நீ எனக்காகப் பொய் எழுதுவ. கண்ணால பாக்கணும்'னு சொல்லிட்டுத்தான் ஏறுச்சு."

"நிக்கிற படமும் கண்ணால பார்க்கிறதுதானே?"

சரஸ்வதி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"எனக்கு மூத்த அண்ணன் ஒருத்தன் இருந்தாங்க. கால் வரல. நடக்காமலே போயிட்டான். ஆனா படத்துல நிப்பான். டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி எடுத்தது. பின்னால ஒரு திரை தொங்கும். திரைக்குப் பின்னால எங்கம்மா, கையை விட்டு அவன் இடுப்பைப் புடிச்சிக்கிட்டு. அந்தப் படமும் கப்பல்ல போச்சு. நிக்கிற படம்னா என்னான்னு எங்கம்மாவுக்குத் தெரியும்."

நான் பேனாவை மூடினேன். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

"எப்ப வேணும்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. அடுத்த வாரம் கறுப்பையா மாமா குடும்பம் கப்பல் ஏறுது. அவரு கையில குடுத்து விடணும்."

பல்லுக்கா, காலுக்கா

சும்மா எடுத்திருக்கலாம். பிள்ளையை வெளிச்சத்தில் விட்டு, நடக்கும்போது ஒரு அமத்து அமத்தி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நாலு பேர் கூடி நின்று குழப்பாவிட்டால் ஒரு காரியம் நடந்ததாகவே தெரியாது.

யோகராசாவின் வீட்டை ஆண்டவர் அவனுடைய அக்கா பவளம். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். எதையும், "நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று தொடங்குவார். அதைக் கேட்டதும் எல்லாரும் வசதியாக உட்கார்ந்துகொள்வார்கள், நேரமெடுக்கும் என்று.

சரஸ்வதியின் அண்ணன் முனியாண்டி உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். பிள்ளை முதல் நடை நடந்தால் தாய்மாமன் வந்து காலுக்குத் தண்டை போட வேண்டும், கொழுக்கட்டை அவித்துப் பிள்ளைக்கு முன்னால் உருட்டிவிட வேண்டும், பிள்ளை அதன் பின்னால் நடக்கும், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும், அதுதான் தங்கள் வழக்கம் என்று சொன்னான்.

பவளம் அக்கா தொடங்கினார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. எங்கட பக்கத்தில கொழுக்கட்டை பல்லுக்கு. முதல் பல்லு வந்த உடன அவிச்சுக் கொட்டினது, ஊரெல்லாம் வந்து திண்டிட்டுப் போச்சுது. இனிக் காலுக்கும் அவிக்கிறதெண்டால், நாளைக்கு மீசைக்கும் அவிக்க வேண்டி வரும்."

"பல்லு தானா வந்துரும்ங்க. நடை அப்பிடியா?" என்றான் முனியாண்டி.

பல் தானாக வரும். நடைக்காகத்தான் பவளம் அக்கா அம்மனிடம் போயிருந்தார்.

"சரி, அவிப்பம். ஆனா செய்யிறதெண்டால் முறையாச் செய்ய வேணும்."

அவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். அது பல்லின் முறை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பல் முளைத்த பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணியைப் பிடித்து, பெண்கள் சூழ நின்று, சுளகிலிருந்து, அதாவது முறத்திலிருந்து, கொழுக்கட்டைகளைக் கவிழ்த்துத் தலையில் கொட்டுவார்கள். பிள்ளை வீரிட்டு அழும். அதைப் பார்த்து எல்லாரும் மகிழ்வார்கள். ஒரு மனிதனுக்குப் பல் வந்ததற்கு இந்தத் தண்டனையை முதலில் யார் நினைத்தார்களோ தெரியாது. பல் இல்லாத ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே முடிவு இப்படி ஆயிற்று. கொழுக்கட்டை காலுக்கு. பாய், துணி, சுளகு, சூழ நிற்கும் பெண்கள் எல்லாம் பல்லுக்கு வந்தவை. கொட்டுவதில்லை, உருட்டுவது மட்டும். பெரியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சுதனிடம் யாரும் கேட்கவில்லை.

உலகத்தில் எல்லாச் சடங்கும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கும். நடுவில் ஒரு பிள்ளை அகப்பட்டுக்கொள்ளும்.

பாயில் ஒரு சத்தியாக்கிரகம்

முற்றத்துக்குத் திரும்புவோம். என் முதுகு இன்னும் வளைந்தபடியே இருக்கிறது.

சுதனுக்குப் புதுச் சட்டை. கன்னத்தில் கண்ணூறு படாமல் இருக்க ஒரு கறுப்புப் பொட்டு. பொட்டு என்பது மரியாதைக்குச் சொன்னது. பவளம் அக்காவின் அன்பு அளவானதல்ல, ஆதலால் அரைக் கன்னம் கறுப்பு. காலில் மாமன் போட்ட வெள்ளித் தண்டை. முற்றத்தின் மறுகரையில் முனியாண்டி ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தை ஆட்டிக்கொண்டு நின்றான்.

"வாடா ராசா! மாமாகிட்ட வாடா!"

யோகராசா பிள்ளையைப் பாயில் நிறுத்திக் கையை எடுத்தான். நான் கண்ணாடிக்குள் பார்த்தேன். நல்ல வெயில். தண்டை பளிச்சென்றது. என் விரல் பொத்தானில்.

சுதன் சுற்றிப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். வெள்ளைத் துணியைப் பார்த்தான். பவளம் அக்காவின் கையில் ஆவி பறந்த சுளகைப் பார்த்தான். பொத்தென்று உட்கார்ந்தான். இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்தான்.

"கூச்சப்படுறான்," என்றான் யோகராசா. திரும்ப நிறுத்தினான். திரும்ப உட்கார்ந்தான். கை திரும்பத் தலைக்குப் போனது.

"வெயில் சுடுது போல."

"புதுச் சட்டை கடிக்குதோ?"

"தண்டை பாரமா இருக்கும்ங்க. கழட்டவா?"

"உந்தப் படக்காரத் தம்பியைப் பார்த்துத்தான் பயப்பிடுது. எனக்கே உவரை இந்தக் கோலத்தில பார்க்கப் பயமாக் கிடக்கு."

கடைசிக் கருத்துக்கு ஆதரவு கூடியது. என்னை எழும்பச் சொன்னார்கள். எழும்பினேன். முழங்காலில் இரண்டு சாண வட்டம். அப்போதும் பிள்ளை அசையவில்லை.

பாய்க்கு அருகில் கறுப்பையா நின்றார். படத்தைக் கொண்டுபோகப் போகிறவர். நல்ல மனிதர். பொய் சொல்ல வராதவர். அந்த இடத்தில் அது மிகவும் இடைஞ்சலான குணம்.

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"கால் இன்னும் வழங்கேல்லைப் போல."

சரஸ்வதி கறுப்பையாவைப் பார்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நான் என்னத்தம்மா சொல்றது? படம் குடுத்தா கொண்டு போறேன். ஆனா உங்கம்மா எங்கிட்ட வாயால கேக்கும். பாத்ததைத்தானே சொல்லணும்."

"அவன் நடக்குறான் மாமா."

"நடக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. முனியாண்டியின் வாழைப்பழமும் ஆடாமல் நின்றது. யோகராசா மூன்றாம் முறை பிள்ளையைத் தூக்கப் போனான். அவன் முகத்தைப் பார்த்து, "விடு மச்சான், பின்னேரம் எடுப்பம்" என்றேன். பின்னேரம் வெளிச்சம் போய்விடும் என்பது எனக்கும் தெரியும். கறுப்பையாவும் போய்விடுவார்.

சரஸ்வதி குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை அல்ல, கையை. பிறகு தலையை நிமிர்த்திச் சுளகைப் பார்த்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள்.

"மச்சாள், அவன் உங்கட சுளகுக்குப் பயப்பிடுறான். தலையில கொட்டப் போறியள் எண்டு நினைக்கிறான்."

அவள் மச்சாளோடு யாழ்ப்பாணத் தமிழும் தமையனோடு தன் தமிழும் கதைப்பாள். ஒரே மூச்சில் இரண்டுக்கும் மாறுவாள்.

"என்ர சுளகுக்கோ?" பவளம் அக்காவுக்குப் பெரிய அவமானம். "நானோ பிள்ளையைப் பயப்பிடுத்துறன்? பிறந்த நாள் தொட்டு இந்த மடியில வளர்ந்த பிள்ளை! எடேய் சுதன், இஞ்ச பார், ஒண்டுமில்லையடா. இது சும்மா கொழுக்கட்டை. பார், பார்…"

நிரூபிப்பதற்காகச் சுளகை நீட்டிக்கொண்டு அவனை நோக்கி வந்தார்.

சுதன் எழுந்தான். யாரும் தூக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்து ஒரு குரல் எடுத்து, பாயைத் தாண்டி நடந்தான். அதை நடை என்பதா ஓட்டம் என்பதா என்று ஊரில் இரண்டு கட்சி இருந்தது.

"நடக்கிறான்! எடு மச்சான், எடு!"

நான் விழுந்து முழங்காலிட்டுக் கண்ணாடிக்குள் குனிந்தேன். கண்ணாடிக்குள் பிள்ளை இடப்பக்கம் நழுவினான். நானும் இடப்பக்கம் திரும்பினேன். அதாவது, வழக்கம்போல, பிழையான பக்கம். கண்ணாடியில் மாமரம் மட்டும் தெரிந்தது.

"அங்கால! அங்கால!" என்று முழு ஊரும் கத்தியது. எங்கால் என்று புரியவில்லை. நான் அப்படியே உறைந்துபோனேன். என் வாழ்க்கையில் உறைந்துபோய் நன்மை அடைந்த ஒரே தருணம் அது. சுதன் அடுப்படிப் பக்கம் போய், அங்கே இன்னொரு சுளகைக் கண்டு, திரும்பி, மாமரத்தைச் சுற்றிக்கொண்டு நேரே என் கமராவுக்குள் வந்தான். பின்னால் வெறும் முற்றம். நான் பொத்தானை அமத்தினேன்.

மறுகணம் அவன் கறுப்பையாவின் முழங்காலில் மோதி விழுந்தான். கறுப்பையா அவனை அள்ளித் தூக்கினார்.

"நடந்துட்டான்மா," என்றார். "சொல்றேன். உங்கம்மாகிட்டச் சொல்றேன்."

பவளம் அக்கா துரத்திய வேகத்தில் சுளகு சரிந்தது. கொழுக்கட்டைகள் முற்றம் முழுவதும் உருண்டன. பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள்.

"இதுதாங்க எங்க முறை," என்றான் முனியாண்டி திருப்தியோடு, ஒன்றை ஊதித் தின்றபடி.

தலையில் கை

மறுநாளே டவுன் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தோம். பிலிமில் இன்னும் இடம் இருந்தது. முடித்துவிட்டுத்தான் கொடுப்பது அந்தக் காலத்துச் சிக்கன முறை. அதற்காக ஸ்டூடியோ வாசலில் நின்று யோகராசாவையும், ஒரு கட்டை வண்டியையும், ஒரு மாட்டையும் எடுத்தேன். மாடு நன்றாக விழுந்தது.

சுதனின் படத்தை ஸ்டூடியோக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நீர் எடுத்ததோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நம்பேலாமல் கிடக்கு," என்றார். எனக்கும்தான்.

தெளிவான படம். ஒரு கால் நிலத்தில். மற்றது காற்றில். தண்டை, கறுப்புக் கன்னம், திறந்த வாயில் கொழுக்கட்டைக்குக் காரணமான அந்தப் பல், எல்லாம் இருந்தன. இரண்டு கையும் தலைமேல்.

படத்தைக் கண்டதும் பவளம் அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயோ, இதென்ன கோதாரி! பிள்ளை தலையில கை வைச்சுக்கொண்டு கத்துது! செத்தவீட்டில எடுத்தது மாதிரி! நான் ஒண்டும் சொல்லேல்லை. இதைக் கடல் கடத்தி அனுப்பினால், அங்க அந்த மனிசி என்னெண்டு நினைக்கும்? தலையில கை வைச்சால் குடும்பத்துக்கு ஆகாது எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"அக்கா சொல்றது சரிதாங்க," என்றான் முனியாண்டி. இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. இப்படியான ஒற்றுமை வந்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

யோகராசா என்னைப் பார்த்தான். "கையை மட்டும் அழிக்க ஏலாதோ மச்சான்? ஸ்டூடியோவில கேட்டுப் பார்ப்பமோ?"

"கேட்டனான். கையை அழிச்சால் தலையும் போகுமாம்."

"வேற படம்?"

"மாடு இருக்கு."

விடிந்தால் கறுப்பையா புறப்படுகிறார். அவருடைய சாமான்கள் கட்டியாகிவிட்டன. அனுப்பாமல் விடுவது, வாயால் சொல்லச் சொல்வது என்று பேச்சுப் போனது. கறுப்பையா பார்த்தவர்தானே என்றார் பவளம் அக்கா. அவர் சொன்னால் தாய்க்காரி நம்பாமல் விடுவாளோ?

சரஸ்வதி கையை நீட்டினாள். படத்தை வாங்கிக்கொண்டு போய் வாசற் படலையடி வெளிச்சத்தில் நின்றாள். திரும்பி வந்து படத்தை எங்கள் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு கையும் தலையில இருக்கு."

"அதைத்தானே நாங்களும் சொல்லுறம்!" என்றார் பவளம் அக்கா.

"அப்ப அவன் கையை யாரு புடிச்சிருக்கா?"

நாங்கள் படத்தின் மேல் குனிந்தோம்.

"பாருங்க. பின்னால திரை இருக்கா? ஆள் இருக்கா? வெறும் முத்தம். இடுப்புல கை இருக்கா? எங்கம்மா எங்க தேடும்னு எனக்குத் தெரியும். இடுப்பத்தான் மொதல்ல பாக்கும். அப்புறம் கையைப் பாக்கும். ரெண்டும் அவன்கிட்டயே இருக்கு."

மச்சாளுக்கு முன்னால் அவள் தன் தமிழில் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்றுதான். பேசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பவளம் அக்கா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். இடுப்பைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். அதற்குப் பிறகு, என் அறிவுக்கு எட்டியவரை முதல் தடவையாக, அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய சீலைத் துண்டைக் கிழித்து வந்து, கடற்காற்றில் நனையாதபடி படத்தைத் தானே சுற்றிக் கொடுத்தார்.

கோத்தகிரியிலிருந்து

சில மாதங்கள் போயின. கந்தோரில் கோப்புகள் வளர்ந்தன. வாய்க்கால் வறண்டது. ஒரு நாள் சரஸ்வதி மறுபடி வந்தாள். இம்முறை இடுப்பில் பிள்ளை இல்லை. அவன் அவளுக்கு முன்னால் உள்ளே வந்து, என் மேசையைச் சுற்றி, கீழ்த்தட்டில் இருந்த முறைப்பாடுகளை இழுத்து நிலத்தில் பரப்பத் தொடங்கினான். அவை அந்தக் கந்தோரில் அசைந்தது அதுவே முதல் தடவை.

இந்தியாவிலிருந்து சேலை கொண்டுவந்து விற்கும் ஒருவர் கப்பலில் வந்து, வாய்ச் சேதி சொல்லியிருக்கிறார்.

"என்னவாம்?" என்றேன். எனக்குக் கொஞ்சம் படபடப்பாக இருந்தது. ஒரு படைப்பாளி விமரிசனத்துக்குக் காத்திருக்கும் படபடப்பு என்று அதை அப்போது தவறாக விளங்கிக்கொண்டேன்.

"எங்கம்மா படத்தைக் கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துச்சாம். அக்கம் பக்கம் எல்லாருக்கும் காட்டுச்சாம். அப்புறம் கேட்டுச்சாம், புள்ளைக்குத் தலையில என்னான்னு."

"தலையிலயோ?"

"ஏன் தலையைப் புடிச்சிக்கிட்டு இருக்கான், தலைவலியா, சூடா, நான் எண்ணெ வைக்கிறேனா இல்லியா, பேன் கீன் கடிக்குதா… ஒரு போத்தல் எண்ணெயும் குடுத்து விட்டிருக்கு."

பவளம் அக்கா சொன்னதுதான் சரி. ஒரு தாயின் கவலையைக் காலிலிருந்து தலைக்கு ஏற்றிவிட்டேன்.

"அப்ப காலைப் பற்றி?"

"அதாங்க!" என்றாள் சரஸ்வதி. சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "காலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அந்த ஆளுகிட்ட நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேக்கவே இல்லியாம்."

சுதன் ஒரு முறைப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். அவள் எட்டிப் பிடித்து அதைப் பிடுங்கி, தன் முழங்காலில் நீவி மடிப்பெடுத்து, என் மேசையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை கமராவ எடுத்துக்கிட்டு வாங்கண்ணே. தலைக்கு எண்ணெ வச்சி, சீவி விட்டுடுறேன். நீங்க நிலத்துல விழ வேணாம், ஓட வேணாம். சும்மா நிக்க வச்சி எடுத்தாப் போதும்."